ஜனக்கணக்கு எடுத்த மாசி மாதம்

எங்கள் வீட்டு வாசல் நிலையில் காவியால் எழுதிய எண் ஒன்று இன்னும் இருக்கிறது. பதினேழு. அதற்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்குக் காவி அப்பியிருக்கும். எண்ணை எழுதியது டீச்சரம்மா. அப்பியது என் தங்கச்சி. ஜனக்கணக்குக்காக வீடு வீடாக எண் போட வந்த டீச்சரம்மா முக்காலியில் ஏறி எழுத, காவி கரைத்த கொட்டாங்கச்சியை ஏந்தி நின்றவள், முக்காலி ஆடியதும் காவி பட்ட ஒரு கையால் நிலையைப் பிடித்தாள். அவ்வளவுதான். அது காய்ந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

எங்கள் ஊர் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் ரயில் நின்று போகிற சின்ன ஊர். ரயில் வருவதற்கு முன்னால் அங்கே ஊரே கிடையாது, வெறும் கரிசல் காடுதான் என்பார் என் மாமனார். தண்டவாளம் போட வந்த ஜனம் ஒரு கிணற்றில் நல்ல தண்ணீர் கண்டது. எஞ்சினுக்கும் அந்தத் தண்ணீர் ஆகும் என்று ஸ்டேஷன் கட்டினார்கள். பிறகு பருத்தி சேர்த்து வைக்கிற கிட்டங்கி வந்தது, அதன் பின்னால் தீப்பெட்டிக் கம்பெனி வந்தது. தண்டவாளத்துக்கு வடக்கே கடைகளும் மிஷன் பள்ளிக்கூடமும் டீச்சர்மார் வீடுகளும். தெற்கே நாங்கள், காட்டு வேலையை விட்டுக் கம்பெனிக்குப் போக ஆரம்பித்தவர்கள். கிழக்கே ஓடை, ஓடைக்கு அந்தப் பக்கம் கம்பெனி. ஊரில் கடிகாரம் ஸ்டேஷனில் ஒன்றுதான். எங்களுக்கு ரயில்தான் கடிகாரம். காலை வண்டி போனால் கம்பெனிக்குக் கிளம்ப வேண்டும், மத்தியான வண்டி ஊதினால் உலை வைக்க வேண்டும்.

டீச்சரம்மா மெலிந்த உடம்புக்காரர். வெள்ளைச் சேலை, கையில் குடை. பொய் சொன்ன பிள்ளையை அடிக்க மாட்டார், அன்று முழுக்க அதனிடம் பேசாமல் இருப்பார். அதற்கு அடியே தேவலை என்று பிள்ளைகள் சொல்லும். மாசியில் ஆட்களை எழுத வந்தவர், தெற்கே முதல் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார். புருஷன் பேரைக் கேட்டால் எந்தப் பொம்பளை சொல்லுவாள்? ஒருத்தி சுவரில் தொங்கிய காலண்டரில் முருகனைக் காட்டிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். முருகனுக்குத்தான் எத்தனை பேர், எதை எழுதுவது? அதனால் என்னைக் கூட்டு சேர்த்துக்கொண்டார். எனக்கு எல்லா வீட்டுப் பேரும் தெரியும். பெருமையாகத்தான் இருந்தது. நான் சொல்லச் சொல்ல ஊர் முழுக்கக் காகிதத்தில் ஏறியது.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் வாயும் அடைத்துக்கொண்டது. என் புருஷன் பேரைத் தங்கச்சிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மா சாகும்போது அவளுக்கு மூன்று வயசு. என் இடுப்பிலேயே வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தபோது அவளையும் கூட்டிக்கொண்டுதான் வந்தேன். கம்பெனியில் சட்டத்தில் தீக்குச்சி அடுக்கி அவளை அஞ்சாவது வரைக்கும் படிக்க வைத்தேன். பிறகு அவளும் குச்சி அடுக்க வந்துவிட்டாள், அது வேறு. எழுதப் படிக்கத் தெரியுமா என்று டீச்சரம்மா என்னைக் கேட்டதும், கையெழுத்துப் போடுவேன் என்று நிமிர்ந்து சொன்னேன்.

“அக்கா பேர எழுதி முடிக்கதுக்குள்ள தென்காசி வண்டி வந்து தண்ணி புடிச்சிட்டுப் போயிரும் டீச்சர்” என்றாள் தங்கச்சி.

டீச்சரம்மா சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஆனாலும் எனக்குத் தெரியாது என்றும் அவளுக்குத் தெரியும் என்றும் எழுதிக்கொண்டார். மாமனார் அதற்கு முன்பே தவறிவிட்டார். வீட்டில் மொத்தம் மூன்று பேர்.

மாசி நடுவில் காலம் தப்பி மழை பிடித்தது. கரிசல் நனைந்தால் காலை விடாது. தண்டவாளக் கரை அரித்துவிட்டதென்று, ரயில்வே கேங்க் வேலையில் இருந்த என் புருஷன் இரண்டு நாளாக வீட்டுக்கு வரவில்லை. வந்திருந்தால், எந்த வண்டி எப்போது வரும் என்று சொல்லியிருப்பார். பாதை பூராவும் சகதியாகக் கிடக்கிறது என்று கம்பெனிக்குக் கிளம்பிய தங்கச்சி தூக்குச்சட்டியோடு தயங்கி நின்றாள்.

“அதான் காலை வண்டி போயிருச்சுல்ல. தண்டவாளத்துலயே போ தாயி” என்றேன்.

நான் சொன்னதுதான். என் வாயால் சொன்னது. பருத்தி ஏற்ற வந்த தனி கூட்ஸ் வண்டி, எங்கள் கடிகாரத்தில் இல்லாத வண்டி, பின்னாலிருந்து வந்தது. எதிர்காற்றும் மழையும் சத்தத்தை அமுக்கிவிட்டன. கூடப் போன பிள்ளைகள் ஓடைப் பாலத்தைத் தாண்டிவிட்டார்கள். அவள் நடுப்பாலத்தில் இருந்தாள். அங்கே ஒதுங்க இடம் கிடையாது.

மூன்றாம் நாள் டீச்சரம்மா மறுபடி வந்தார். ஒரு குறிப்பிட்ட நாள் விடியும்போது உயிரோடு இருப்பவர்கள்தான் கணக்கு. இடையில் பிறந்ததைச் சேர்க்க வேண்டும், தவறியதை அடிக்க வேண்டும். என்னைக் கூப்பிடாமல் தனியாகவே தெற்கு முழுவதும் சுற்றிவிட்டுக் கடைசியாக எங்கள் வாசலுக்கு வந்தார். எங்கள் வீட்டுத் தாளைத் தேடி எடுத்தார். பேனாவைத் திறந்து மூடியைக் கையில் வைத்திருந்தார். ஊரில் எல்லாருடைய பேரையும் சொன்னவள் நான். தங்கச்சி பேர் மட்டும் எனக்கு வாயில் வரவில்லை.

“அவள வெட்டிராதீக டீச்சர். ஒரு தல கூடுனா கவர்மெண்டு கவுந்தா போயிரும்?”

தாளைப் பார்த்துக்கொண்டே, “விடிஞ்சப்ப இருந்தவுகளத்தாம்மா எழுதணும். பொய் எழுத எனக்குக் கை வராது” என்றார்.

எழுத்துத் தெரியாதவளுக்கும் கோடு தெரியும். நேராக ஒரு கோடு. மூன்றை அடித்து இரண்டாக்கினார். போகும்போது நிலையில் அந்தக் காவி மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார்.

அதற்கப்புறம் நான் அவரிடம் பேசவில்லை. வழியில் பார்த்தால், நல்லா இருக்கீகளா என்று கேட்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாற்றலாகிப் போன அன்று தென்காசி வண்டி ஜன்னலில் வெள்ளைச் சேலை தெரிந்தது. தெற்கே நின்ற என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் உயர்த்தவில்லை. அந்தக் கோட்டைப் போட்டது அவர் இல்லை, என் வாய்தான் என்று அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் உயர்த்தவில்லை.

போன மாதம் என் மகன் இந்த வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வைத்தான். பெயிண்ட் அடிக்க வந்தவர், நிலை அசிங்கமாக இருக்கிறது, இதையும் அடித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் போன பிறகு என் கட்டைவிரலை அந்தக் காவி மேல் வைத்துப் பார்த்தேன். எனக்குப் பெரிய விரல், முழுசாக மூடிவிட்டது. எடுத்துப் பார்த்தேன். இருந்தது.