மூன்று வாரம் இளையவள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பெரியம்மா மகளும் நானும், கோவையில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர ஒரே நாளில், ஒரே அறையில் நுழைவுத் தேர்வு எழுதினோம்.
2. நான் எழுபத்தெட்டு வாங்கினேன். அவள் எழுபத்து நான்கு.
3. மிச்சமிருந்த கடைசி இடம் அவளுக்குப் போனது.
4. ஏன் என்று கேட்க அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனாள். பதில் கிடைத்தது.
5. அந்தப் பதிலை மாற்றக்கூடியவர் ஒரே ஒருவர்தான் இருந்தார். பெரியம்மா.
6. அந்த நவம்பரில், தன் பிறந்தநாளன்று, பெரியம்மா மகள் ஒரு டாபி டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

இத்தனையிலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த டப்பாதான். வட்டமான தகர டப்பா. மூடியில் ரோஜாப்பூ. உள்ளே பச்சையும் சிவப்புமாய் மினுங்கும் தாள் சுற்றிய டாபிகள். சிங்காநல்லூரில் மில் குடியிருப்பில் எங்கள் வீட்டின் முன்னால் பெரியப்பாவின் கார் நின்றது. அவள் மட்டும் இறங்கி வந்தாள். கத்தரிப்பூ நிறத்தில், இடுப்பில் பட்டை வைத்துக் கட்டிய கவுன். அவர்கள் பள்ளியில் பிறந்தநாள் பிள்ளை அன்றைக்குச் சீருடை போட வேண்டாம். கலர் டிரஸ்ஸில் போய் வகுப்பு முழுவதற்கும் மிட்டாய் கொடுக்கலாம். அது முடிந்து நேராக வந்திருந்தாள். "ரெண்டா எடுத்துக்கோ, அம்மா சொல்லியுட்டாங்க" என்று டப்பாவை நீட்டினாள். நான் ஒன்று எடுத்தேன். ஒன்று போதும் என்றேன். அந்த டாபியைவிட, அந்தக் கவுனைவிட, நவம்பர் மாதத்தில் ஊரறிய ஒரு பிறந்தநாள் அவளுக்கு இருந்ததுதான் என்னை எரித்தது.

அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பெரியம்மா என் அம்மாவின் ஒரே அக்கா. தலைப்பிரசவத்துக்கு இருவரும் ஒரே சமயத்தில் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த தாய்வீட்டுக்கு வந்திருந்தார்கள். பெரியம்மாவுக்கு வலி நீண்டுபோனதால் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்; தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே அவள் பிறந்தாள். பிறப்புச் சான்றிதழும் அங்கேயே கிடைத்தது. மூன்று வாரம் கழித்து, கார்த்திகை தீபத்தன்று, மருத்துவச்சி கையில் வீட்டிலேயே நான் பிறந்தேன். யாரும் எங்கேயும் பதிவு செய்யவில்லை. அந்த மூன்று வாரத்தைப் பெரியம்மா ஒருநாளும் விட்டுக்கொடுத்ததில்லை. விசேஷ வீட்டுப் பந்தியில், கோயிலில், கார் ஏறும்போது, எங்கே நான் வாய் தவறி அவள் பெயரைச் சொன்னாலும் உடனே குரல் வரும்: "பேரு சொல்லாத கண்ணு. அவ உனக்கு மூத்தவ. அக்கான்னு கூப்புடு." கூப்பிட்டேன். ஒரே உயரம் இருந்த, ஒரே பல் விழுந்த ஒருத்தியைப் பத்து வயது வரை அக்கா என்றே கூப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் கதை வேறு. ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அவள் சேர்ந்த தனியார் பள்ளியில் அந்தக் கண்டிப்பு இல்லை; எங்கள் பள்ளியில் இருந்தது, எனக்கு ஆறு மாதம் குறைந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்தவர். பிள்ளையை ஒரு வருடம் சும்மா வைத்திருக்க அவருக்கு மனமில்லை. தலைமையாசிரியர் என் வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொன்னாராம். தொட்டேனாம். "அப்பறம் என்னுங்க, மே மாசம் பொறந்துதுன்னு எழுதிக்கலாமுங்க" என்று அவரே ஒரு தேதியைப் போட்டுவிட்டார். ஊரில் இது ஒரு குற்றமே இல்லை. அவர் கைராசியில் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மே மாதத்தில் பிறந்தவர்கள். கோடை விடுமுறையில் வருகிற பிறந்தநாள் என்பதால் நாங்கள் யாருமே ஒரு வருடமும் மிட்டாய் கொடுத்ததில்லை. ஆக, வீட்டில் அவள் எனக்கு அக்கா. காகிதத்தில் நான் அவளுக்கு அக்கா. நுழைவுத் தேர்வு வரும்வரை இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

தேர்வு முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு எண்கள். முதல் எண் கேள்வித்தாளில் வாங்கியது. இரண்டாவது எண்ணின் மேல் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. முதலாவதில் நான் எழுபத்தெட்டு, அவள் எழுபத்து நான்கு. இரண்டாவதில் நான் அதே எழுபத்தெட்டு, அவள் எண்பது. இடம் கிடைத்தவர்களைப் பிரிக்கும் கோடு இரண்டாவது எண்ணின்படி போடப்பட்டிருந்தது; அவள் பெயருக்குக் கீழே, என் பெயருக்கு மேலே. அப்பா, "பெரிய பள்ளிக்கூடம், அவிங்களுக்குத் தெரியாதா" என்றார். மறுநாள் காலை அம்மா, விசேஷங்களுக்கு மட்டும் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு என்னைக் கையில் பிடித்துப் பேருந்து ஏறினாள்.

தலைமை ஆசிரியையை எல்லோரும் மதர் என்றார்கள். வயதானவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், பொறுமையாகப் பேசினார். அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டாள்: "ஏனுங்க மதர், நாலு மார்க் அதிகமா வாங்குன புள்ளைய வெளிய நிறுத்திப்போட்டு, கொறச்சலா வாங்குனதை உள்ள எடுத்தா அது என்ன கணக்குங்க?" மதர் கோபப்படவில்லை. பத்து வயதில் சில மாத வித்தியாசம்கூடப் பெரிய வித்தியாசம், மூத்த குழந்தை கூடுதலாக எழுதுவது இயல்பு, அதனால் இளைய குழந்தைக்கு மாதத்துக்கு ஒரு மதிப்பெண் சேர்க்கிறோம் என்றார். "உங்கள் பெண் மே மாதம். அந்தப் பெண் நவம்பர். ஆறு மாதம், ஆறு மதிப்பெண்."

அம்மா, "மே இல்லீங்க மதர். தீபத்தன்னிக்குப் பொறந்ததுங்க. வாத்தியார் மேன்னு எழுதிப்போட்டாருங்க" என்றாள். மதர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். அப்படியானால் எனக்கும் ஆறு சேரும், எண்பத்து நான்கு ஆகும் என்பது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே தெரிந்தது. "தவறான தேதிக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் நீங்கள். உங்கள் சொல்லை மட்டும் நான் எடுத்துக்கொள்ள முடியாது. இவள் பிறந்தது தெரிந்த வேறு ஒருவர் வந்து என்னிடம் சொல்லட்டும். வெள்ளிக்கிழமைக்குள்" என்றார். நியாயமாகத்தான் பேசினார். மருத்துவச்சி இறந்துவிட்டாள். அம்மாவைப் பெற்றவர்களும் அப்போது உயிரோடு இல்லை. அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தவர்களில் மிச்சம் பெரியம்மா மட்டும்தான்.

அம்மாவுக்கு அதில் துளி சந்தேகமும் இல்லை. "உங்க பெரியம்மா வந்து சொன்னாப் போதும்" என்று அங்கிருந்து நேராகச் சாயிபாபா காலனியில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு நடத்தியே கூட்டிப்போனாள். அக்கா சொன்னால் அக்கா மகளின் இடம் என்னாகும் என்று வழியில் ஒருமுறையாவது நினைத்திருப்பாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெரியம்மா கூடத்தில் உட்கார்ந்து புது நோட்டுகளுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். சோபாவின் மேல் மெரூன் நிற டை கிடந்தது, எலாஸ்டிக் வைத்தது. பெரியம்மா மகள் அதைக் கழுத்தில் மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள்.

அம்மா சொல்லி முடித்த பிறகும் பெரியம்மாவின் கை தாளை மடித்தபடியே இருந்தது. "அதெல்லாம் எனக்கு எங்க அம்மணி நெனப்பு நிக்குது? நானே அப்ப பச்ச ஒடம்போட படுத்துக் கெடந்தவ."

"அக்கா, தீபத்தன்னிக்கு. ஊரே வெளக்கு வெச்சிருந்துது."

"இருக்கும். ஆனா நாளு பொழுதெல்லாம் எனக்குத் தெரீல. சாமி சத்தியமா அந்தம்மாகிட்டப் போயி எப்படிச் சொல்றது?"

"உன்ற மகளை ஒரு பக்கம் போட்டுப்போட்டு, என்ற மகளுக்கு நீதானக்கா மொதல்ல நாக்குல சக்கரத்தண்ணி தொட்டு வெச்ச."

பெரியம்மா அட்டையின் ஓரத்தை நகத்தால் அழுத்தி மடித்தாள். "வெச்சிருப்பேன் அம்மணி. நெனப்பில்லியே" என்றாள். பிறகு எழுந்து எங்களுக்குக் காபி போடப் போனாள். நாங்கள் குடித்துவிட்டுத்தான் கிளம்பினோம்.

பேருந்தில், ஹோப் காலேஜ் ஸ்டாப் தாண்டியதும் அம்மா சொன்னாள்: "என்ற கல்யாணத்துல ஆரு எந்தச் சீலை கட்டீட்டு வந்தான்னு இன்னிக்கும் சொல்லுவா அவ." அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நான் அரசுப் பெண்கள் பள்ளியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து பெரியம்மா மகளை நான் அக்கா என்று கூப்பிடவில்லை. பெயரும் சொல்லவில்லை. எதுவும் சொல்லாமல் பேசப் பழகிக்கொண்டேன். பெரியம்மாவும் என்னைத் திருத்துவதை விட்டுவிட்டாள். மற்றவர்கள் யாரும் இதைக் கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகான வருடங்களில் நான் பொறாமைப்பட்டவை பல. அவளுடைய டை. அவளை வாசலில் வந்து ஏற்றிக்கொண்டு போன வேன். ஆங்கிலம் பேசும்போது அவள் யோசிக்காமல் இருந்தது. வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்ற நூலகம்; அந்தப் புத்தகங்களை அவள் கார் சீட்டில் திறக்காமல் போட்டுவைத்திருந்தது. அவள் என்னிடம் எப்போதும் அன்பாகவே இருந்தாள். அதுவும் ஒரு இடைஞ்சல்தான். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாகியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பில் நான் அவளைவிட அதிகம் வாங்கினேன், பொறியியல் படித்தேன், வேலைக்கும் போனேன். அந்த ஒவ்வொரு படியிலும் பழைய கணக்கு தீர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். தீரவில்லை.

இப்போது ஒரு நூற்பாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். பஞ்சு ஈரத்தைக் குடிக்கும். மழை நாளில் அதே நூல் கூடுதல் எடை காட்டும். அதனால் எடையை அப்படியே எழுதுவதில்லை. காற்றின் ஈரத்தைப் பார்த்துத் திருத்தித்தான் எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைச் செய்தபோது மதர் நினைவுக்கு வந்தார். அவர் கணக்கு சரியான கணக்கு. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அப்படி ஒரு திருத்தத்தைத்தான் போட்டிருப்பேன். ஈரம் காட்டும் கருவி பொய் சொன்னால் திருத்தம் என்ன செய்யும்? சரியாகவே கணக்குப் போட்டுத் தவறான எண்ணைத் தரும். பள்ளியின் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. போன கோபம் முழுவதும் பெரியம்மா மகள் பக்கம் சேர்ந்துகொண்டது. அவள் எதுவும் செய்யவில்லை என்பது தெரிந்தும்தான்.

போன மாதம் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அந்தியூர்ப் பக்கம். நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா, "இவிங்க ரெண்டு பேருல ஆருங்க பெரியவிங்க?" என்று கேட்டார்.

பெரியம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. என் தோளில் கை வைத்தாள். "என்ற மகதானுங்க மூத்தவ. இது மூணு வாரம் எளையவ. கார்த்திகை தீபத்தன்னிக்கு, பொழுது உழுந்து வெளக்கு வெக்கற நேரத்துல பொறந்துதுங்க. நாந்தான் மொதல்ல சக்கரத்தண்ணி தொட்டு வெச்சேன். என்னைய மாதிரியே கெட்டிக்காரி."

அம்மா கொஞ்சம் தள்ளி வெற்றிலைத் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "அக்காளுக்கு நெனப்பு நல்லாத்தானுங்க இருக்குது" என்று மட்டும் மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னாள். அவர் சிரித்தார். என் தோளில் இருந்த கை மெல்ல விலகியது. பெரியம்மா மகள் எங்கள் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மெரூன் டையைக் கழற்றி மாட்டிக்கொண்டு அன்றைக்கு அவளும் அந்தக் கூடத்தில் இருந்தாளல்லவா. பக்கத்தில் இருந்த ஜிலேபித் தட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள். "ரெண்டா எடுத்துக்கோ" என்றாள்.

நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

இன்றைய நிலவரம் இது. அவளுக்குத் தை மாதம் கல்யாணம். பெரியம்மாவும் அம்மாவும் சேர்ந்து போய்ப் புடவை எடுக்கிறார்கள். என்னுடைய எல்லாச் சான்றிதழ்களிலும் நான் மே மாதத்தில்தான் பிறந்திருக்கிறேன். அவளை நான் இன்னும் அக்கா என்று கூப்பிடவில்லை. எனக்குச் சேர வேண்டிய ஆறு மதிப்பெண் இன்னும் சேரவில்லை.