கண்ணுல பொட்டு வச்ச ட்ரோன்

மொதல்லயே சொல்லிடுறேன், நான் சாமிய நம்புறவன், பேய நம்பாதவன். ஃபேக்டரியில நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறேன், நைட் ஷிப்டுல ஸ்டோர் பக்கம் ஒரு பொம்பள நிக்கிறான்னு எல்லாரும் அலறுவானுங்க, நான் அங்கதான் போயி அட்டைய விரிச்சி குட்டித் தூக்கம் போடுவேன். அப்பேர்ப்பட்ட ஆளு சொல்றேன், நம்புனா நம்புங்க, நம்பாட்டி டீ தண்ணிய குடிச்சிட்டு கெளம்புங்க, எனக்கு ஒன்னும் நட்டம் இல்ல.

எல்லாத்துக்கும் காரணம் என் வாய்தான். எம்மவ ஸ்டெல்லா கல்யாணத்துக்கு சம்மந்தி வீட்டுக்காரங்க பண்டார் பாருவுலேருந்து பேச வந்திருந்தாங்க. கேமராக்காரன் ட்ரோன் விட்டு மேலேருந்தும் எடுக்கிறானாம்னு சம்மந்தி ஆரம்பிச்சாரு. நான் சும்மா இருந்திருக்கலாம்ல? அதெல்லாம் வேணாங்க, எம்மவ கல்யாணத்த நானே மேலேருந்து எடுப்பேன்னு சொல்லிட்டேன். ஓ, அப்பா பைலட்டான்னு கேட்டு அந்த மனுசன் ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாருங்க, அந்த சிரிப்பு இன்னும் என் காதுல இருக்கு. தவள தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னாங்க. கேமராக்காரன்கிட்ட ட்ரோன் வேணாம்னு சொல்லியாச்சி, புது ட்ரோனும் வாங்கியாச்சி, ஆனா எனக்கு பட்டம் கூட ஒழுங்கா விடத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால கத்துக்கலைனா சம்மந்தி முன்னால மானம் கப்பலேறிடும், அதான் நெலம.

பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் ஸ்கூல் பஸ் ஓட்டுறவரு, முனியாண்டி கோயில்ல எடுபிடி வேலை எல்லாம் அவருதான். பொட்டிய பிரிச்சதுமே அவரு சொல்லிட்டாரு, புது வண்டிக்கு பூச போடாம எடுத்தா வெளங்குமா அந்தோணின்னு. இது வண்டி இல்லண்ணே, பறக்குறதுன்னேன். பறக்குறதுன்னா இன்னும் ஆபத்து லா, வுழுந்தா என்னா மிஞ்சும்னாரு. அதுவும் ஞாயமாத்தான் பட்டுச்சி. என் பொஞ்சாதி ரோசி அவ பங்குக்கு எங்க மாதா கோயில் தீர்த்தத்த ஒரு குட்டி போத்தல்ல குடுத்துவுட்டா.

சிடாம் கிரி தாண்டி செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல ஒரு பழைய பாடாங் இருக்கு, இப்ப யாரும் பந்து வெளையாடறது இல்ல, மாடுதான் மேயும். சாயங்காலம் அங்க போனோம். பேப்பர விரிச்சி ட்ரோன வச்சி, மணியம் அண்ணன் காலுக்கு ஒன்னா எலுமிச்சங்காய வச்சாரு. காடியா இருந்தா சக்கரம் ஏறி நசுக்கிட்டுப் போவும், இது பொடிசு, எலுமிச்சங்கா மேல கோழி மாதிரி உக்காந்துகிட்டு இருக்கு. அப்புறம் அவரே மேலேருந்து கையால அமுக்கி நசுக்குனாரு. சூடம் காட்டுனாரு. கடைசியா சந்தனத்த கொழைச்சி குங்குமம் வச்சாரு, எங்க வச்சாருன்னு கேளுங்க. முன்னால கேமரா ஒன்னு இருக்குல்ல, அதுல ஒரு பொட்டு. அடியில தரைய பாத்துகிட்டு ரெண்டு குட்டி கண்ணாடி இருக்கும், அதத்தான் அது கண்ணு மாதிரி வச்சி பறக்குது, அதுலயும் ஆளுக்கு ஒரு பொட்டு. எனக்கு அதெல்லாம் அப்பத் தெரியாது. நானும் பக்தியா தீர்த்தத்த தெளிச்சேன். ரெண்டு பக்கத்து சாமியும் காவலுக்கு வந்தாச்சி, இனிமே என்னா பயம்.

கெளப்புனேன். சொய்ங்னு நேரா மேல போச்சி. எனக்கு சந்தோசம்னா சந்தோசம், அண்ணே பாருங்கண்ணேன்னு கத்துறேன், அதுக்குள்ள அது குடிகாரன் மாதிரி ஒரு பக்கமா சாஞ்சிகிட்டே செம்பனைப் பக்கம் நழுவுது. நான் இந்தப் பக்கம் திருப்புனா அது அந்தப் பக்கம் போவுது. ரிமோட்டுல மாட்டுன ஹென்போன்ல பாத்தா எல்லாம் செவப்பு, குங்குமச் செவப்பு, கொஞ்ச நேரத்துல அதுவும் போச்சி. ஸ்டெல்லா மூஞ்சி, சம்மந்தி சிரிப்பு, ரெண்டும் மாறி மாறி கண்ணு முன்னால வருது.

மணியம் அண்ணன் மோட்டர் சைக்கிள்ல ரெண்டு பேரும் செம்பனைக்குள்ள பூந்தோம். முள்ளு கிழிக்குது, சாணிய மிதிக்கிறேன், நாய் ஒன்னு தொரத்துது, நான் மாதாவ கூப்புடுறேன், அவரு முனியாண்டிய கூப்புடுறாரு. அது பேட்டரி அரை மணி நேரங்கூட தாங்காது, நாங்க அதுக்கும் ரொம்ப மேலயே தேடிட்டோம். தூரத்துல சுராவுல தொழுகைக்கு பாங்கு சொல்ற நேரம் ஆயிடுச்சி. சரி, போனது போனதுதான்னு அழாத கொறையா பாடாங்குக்கு திரும்பி வந்தா, விரிச்ச பேப்பர் மேல ட்ரோன் உக்காந்திருக்கு.

தானா திரும்பி வர்ற வசதி அதுல இருக்குதான், நானும் அதத்தான் நெனச்சேன். ஆனா கையில எடுத்துப் பாத்தா ஒரு பொட்டு சந்தனம் இல்ல, குங்குமம் இல்ல, மூனு கண்ணாடியும் தொடைச்சி பளபளன்னு இருக்கு. காத்து ஊதியிருக்கும்னாரு மணியம் அண்ணன். காத்து ஈரத்துணி வச்சிகிட்டா ஊதும்? கண்ணாடி ஓரத்துல துணி இழுத்த ஈரக்கோடு இன்னும் காயல.

வீட்டுக்கு வந்து மெமரி கார்ட ஸ்டெல்லா லேப்டாப்புல போட்டோம். ஒன்னு தெரிஞ்சிக்கோங்க, இந்த மாதிரி சின்ன ட்ரோன்ல மைக்கே கெடையாது. விசிறி சத்தத்துல வேற எதுவும் கேக்காதுன்னு வைக்கவே மாட்டானுங்க, படம் மட்டுந்தான் வரும். படம் ஓடுது, செவப்பு, அப்புறம் கும்மிருட்டு, எங்கயோ எறங்கிடுச்சின்னு தெரியுது. அப்ப ஒரு பொம்பள கொரல் கேக்குது. தெளிவா, நம்ம அக்காமாருங்க அலுத்துக்குவாங்கல்ல, அந்த மாதிரி.

“கண்ணுலயே பொட்ட வச்சிவுட்டா அது எப்புடிடா பாக்கும்? மூளகெட்டவனுங்களா.”

ஒடனே ஒரு ஊதாச் சீலை முந்தானி வந்து படத்த தொடைக்குது. மூஞ்சி தெரியல. அப்புறம் அது அப்படியே எழும்பி, செம்பனைக்கு மேல, பாத்துப் பழகுன கை ஓட்டுற மாதிரி நேரா பாடாங்குக்கு வருது. மணியம் அண்ணன் பேய் அறைஞ்ச மாதிரி நின்னாரு.

அந்த வீடியோவ காட்டுன்னு கேப்பீங்க, கேக்கத்தான் கேப்பீங்க. காட்ட முடியாதுங்க. வர்ற வழியில கீழ எங்க ரெண்டு பேரையும் எடுத்திருக்கு, மணியம் அண்ணன் ஒரு செம்பனை ஓரமா அவசரத்துக்கு ஒதுங்குனது பட்டப்பகல் மாதிரி தெரியுது. யாருக்காச்சும் காட்டுன, நம்ம சகவாசம் அதோட சரின்னு சத்தியம் வாங்கிட்டாரு.

அதுக்கப்புறம் நான் அந்தப் பொட்டிய தொடவே இல்ல. ரோசி மட்டும் சிரிச்சா. அவ எதையும் நம்ப மாட்டா, நீங்க ரெண்டு பேரும் என்னாத்த குடிச்சிட்டுப் போனீங்கன்னு கேட்டா. ஆனா கல்யாண நாள் வந்துடுச்சி. பொண்ணும் மாப்பிள்ளையும் கோயில்லேருந்து வெளிய வர்றாங்க, சம்மந்தி என்னையவே பாத்துகிட்டு நிக்கிறாரு. எனக்கு பேய் பயம் ஒரு பக்கம், அந்தச் சிரிப்பு மேல பயம் ஒரு பக்கம். சொன்னா வெக்கக்கேடு, சிரிப்புதான் ஜெயிச்சது. எடுத்து வச்சி கெளப்புனேன். மேல போனதும் ஹென்போன் அப்படியே செத்துப் போச்சி, ரிமோட் லைட்டும் அணைஞ்சிடுச்சி.

ட்ரோன் வுழல. சாயல. மெதுவா எறங்கி ஸ்டெல்லா மொகத்துக்கு நேரா வந்து நின்னுச்சி, அவள ஒரு சுத்து சுத்துச்சி, கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போயி கூட்டத்த முழுசா பாத்துட்டு என் காலடியில வந்து எறங்குச்சி. நான் செத்துப்போன ரிமோட்ட வச்சிகிட்டு கட்டவெரல சும்மா ஆட்டிகிட்டே நிக்கிறேன், வேற என்னா செய்யறது? சனம் கைதட்டுது. சம்மந்தி வந்து என் கைய புடிச்சி, நல்ல கைங்க உங்களுக்குன்னாரு. ஸ்டெல்லா அப்பான்னு கட்டிகிட்டு அழுதா. உண்மைய சொல்ல எனக்கு மனசு வரல.

எல்லாரும் போனப்பறம் வீட்டுல நானும் ரோசியும் மட்டும் அந்தப் படத்த போட்டுப் பாத்தோம். சத்தம் இல்ல, சத்தம் இல்லவே இல்ல, ரோசி என்னைய பாத்து நக்கலா சிரிக்கிறா. கடைசியில ட்ரோன் என் சப்பாத்துகிட்ட எறங்குற நேரம், அதே கொரல், இந்தத் தடவ திட்டல, மூக்கு ஒழுகி அழுது முடிச்ச மாதிரி இருக்கு.

“நம்ம புள்ள நல்லா இருக்கா. செரி, வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

அன்னிக்கி கோயில்லேருந்து நாங்க நேரா வீட்டுக்குத்தான் வந்தோம். அதயும் காடியில பின் சீட்டுல வச்சிதான் கொண்டாந்தோம்.

மறுநாளே வித்துடுறேன்னு பொட்டிய தூக்குனேன். அடுப்படியிலேருந்து ரோசி ஓடியாந்து புடுங்கி, அலமாரி மேல மறுபடியும் வச்சிட்டா. எதையும் நம்பாத ரோசி. “வித்துட்டா அவங்க எங்கங்க போவாங்க?”ன்னு கேட்டா. எவங்கடின்னு கேட்டேன். அவ முந்தானியால அந்தப் பொட்டிய தொடைச்சி வச்சிட்டு அடுப்படிக்குப் போயிட்டா.