மூன்றாவது காது

வாயால் ஒரு பசுவை உண்டாக்கிவிட்டதாக சில நாள் நம்பியவன் நான். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்த மத்தியானம் என் கழுத்து மயிர் நின்ற நிலையை நினைத்தால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது.

வெள்ளாங்குளத்துக்கு அருகே எங்கள் ஊரில் போர் முடிந்து மீளக்குடியேறிய முதல் வருடம். அடுத்த வீட்டு வளவு அக்கா தன் தறப்பாள் விரித்த கொட்டிலிலிருந்து ஒரு பால்மாத் தகரப் பேணியைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே உப்பில் காய்ந்த காதுத் துண்டு. ஓரத்தில், தங்கள் மாடென்று அறிய அக்கா வீட்டார் இட்ட குறிவெட்டு. இடம்பெயர்ந்தபோது வழியில் ஷெல் பட்டுச் செத்த அவருடைய பசுவின் காது. மாடு செத்தால் சாட்சிக்குக் காதை அறுத்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சாட்சி கேட்க ஒருவரும் இல்லாமலே அக்கா அதை முகாம் முகாமாகச் சுமந்திருந்தார்.

“எறியவும் மனமில்லை, தம்பி.”

நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் வாசித்தவனாயிற்றே.

“அக்கா, வெளிநாட்டிலை காதுத் தோலிலை இருந்து ஒரு உயிர்க்கலத்தை எடுத்து, கரு நீக்கின சினைமுட்டையிலை வைச்சு, வேறொரு மாட்டின்ரை வயித்திலை வளர்த்து, அதே மாட்டை நகலாத் திரும்ப எடுக்கினம். நல்ல பால்மாடுகளை, அழிஞ்சு போற மிருகங்களை எல்லாம் இப்பிடிக் காப்பாத்தலாமாம்.”

“அது என்னை அறியுமோ?”

“அறியாது. உடம்பு மட்டும்தான் அதே.”

“பேந்தென்னத்துக்கு?” என்றவர் பேணியை மூடினார். ஆனால் எறியவில்லை. உப்பிட்ட காதில் உயிருள்ள கலம் இராது என்பதை நான் சொல்லாமல் விட்டேன். சொன்னால் என் பேச்சின் அழகு கெட்டுவிடும்.

பத்து நாள் கழித்து, உச்சி வெயிலில், அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் ஏதோ பிசகு. வளவின் பற்றைக்குள் ஒரு பசு நின்றது. நெற்றியில் வாழையிலைக் கிழிசல் போல வெள்ளைச் சுட்டி. அது நின்ற இடத்தில் பற்றையை விலக்கினால் பூவரசின் அடிக்கட்டை. பழைய பசுவை அக்கா கட்டிய மரம் அதுதான்.

“அதே சுட்டி, தம்பி. அவளேதான்.”

காதுகளைப் பார்த்தேன். இரண்டும் முழுசு, வெட்டில்லை. மூன்றாவது காது பேணிக்குள் இருந்தது.

ஆய்வுகூடம் இல்லை, முட்டை இல்லை. இருந்தும் முதலில் நான் நினைத்தது நகல் என்றுதான். பிறகு படித்தது ஞாபகம் வந்தது. நகல் மாட்டுக்கு வெள்ளை அதே இடத்தில் விழாது. வயிற்றுக்குள் நிறம் பரவுவது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம். சுட்டி இப்படி அச்சாக இருந்தால் இது நகல் இல்லை. அப்படியானால் என்ன? அதுவரை என்னைக் கைவிடாத விஞ்ஞானம் அங்கே கையை விரித்தது. பசு அக்காவின் உள்ளங்கையை நக்கியது. எங்கும் ஒரு காகம்கூடக் கத்தவில்லை.

“கட்டுங்கோ, தம்பி. இன்னொருக்காப் போக விடேலாது.”

அவர் அதன் முகத்தைத் தாங்கிக்கொள்ள, நான் எட்ட நின்றபடியே கழுத்துக்குக் கயிறு போட்டேன். மறுமுனையைக் கட்டையில் சுற்றினேன்.

விடிந்து பார்த்தால் பசு இல்லை. கயிறு கட்டையிலேயே கிடந்தது. கழுத்து வளையம் அவிழவில்லை, அறவுமில்லை. நான் பார்த்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் புல்லரித்தேன். அக்கா மூன்று காலை தவிட்டுத் தண்ணி வைத்துப் பார்த்தார். பசு வரவில்லை.

நான்காம் நாள் அந்த வளையத்தைத் தூக்கிக் காட்டி, “எப்பிடிப் போச்சுதெண்டுதான் விளங்கேல்லை, அக்கா” என்றேன்.

அவர் அதற்குள் தன் தலையை விட்டார், தோளையும் தாண்டி இடுப்பு வரை இறக்கினார், திரும்ப எடுத்தார்.

“நீங்கள் கட்டின கயிறுதானே, தம்பி.”