பிளாஸ்மா டிவிக்குத் தைத்த சட்டை

என் வீட்டில் டிவி கிடையாது. ஏன் என்று கேட்கிறவர்களிடம் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் அவர்களால் தாங்க முடியாது. தாங்காவிட்டால் எனக்கென்ன வந்தது, இப்போது சொல்கிறேன்.

நான் புருஷன் வீட்டை விட்டு ஆம்பூருக்குத் திரும்பி வந்தது இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் கழித்து. புருஷனுக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. சம்பளமும் ஒழுங்காக வரும், அடியும் ஒழுங்காக விழும். ஒருநாள் கன்னத்தில் விட்ட அறையில் என் இடது காது ஜவ்வு கிழிந்துபோனது. அந்தக் காது இனிமேல் கேட்காது என்று வேலூர் ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். நான் ஜோலார்பேட்டைக்குத் திரும்பாமல் நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டவளுக்கு வேறு போக்கிடம் ஏது?

அண்ணன் ஒரு தோல்ஷாப்பில் செலக்‌ஷன் பார்க்கிறவன். பதனிட்டு மெருகேற்றி வரும் தோல்களை மேசைமேல் விரித்து, தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது கழிவு என்று பிரித்து அடுக்குவது அவன் வேலை. வீட்டிலும் அவனுக்கு அதே கண்தான். பையோடு வாசலில் நின்ற என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தான். எந்த அடுக்கில் போட்டான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அண்ணி பள்ளிக்கூட டீச்சர். சபையில் பெண்கள் ஜெபக்கூட்டத்தை நடத்துகிறவளும் அவள்தான். நேரில் என்னை ஒரு சொல் திட்டமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, புருஷனோடு ஒப்புரவாகும் மனதை இந்தச் சகோதரிக்குத் தாரும் ஆண்டவரே என்று நாலு பேர் நடுவில் உருகுவாள். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். நானும் சொல்லித் தொலைக்க வேண்டும். ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் சேர்ந்து, சம்பளத்தை அப்படியே அவள் கையில் கொடுத்தும், தண்டச்சோறு என்ற பார்வை மட்டும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பிளாஸ்மா டிவி வந்தது. தோலை வாங்க வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு அண்ணனின் முதலாளி ஒரு பங்களா வைத்திருந்தார். அங்கே புது டிவி வாங்கியதும், பழையதை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பின்பக்கம் புடைத்த டப்பா டிவி இருந்த காலம் அது. இதுவோ கதவை ஒட்டிச் சாத்திவைத்த பலகை கணக்காக இருந்தது.

கம்பெனி டெம்போவில் அதை ஏற்றி வந்தவன் அண்ணன்தான். கீழே ஒரு கட்டு மெருகேற்றிய தோல், அதன்மேல் டிவியை மல்லாக்கப் படுக்கவைத்து, மேலே இன்னொரு கட்டுத் தோலைப் போர்த்தி, பச்சைப்பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தான். நல்ல தோலை நிற்கவைத்தால் மடிப்பு விழும். படுக்கப்போட்டுத்தான் எடுத்துப்போக வேண்டும். அவன் அறிந்த ஜாக்கிரதை அது ஒன்றுதான். நிற்க வைத்தால் ஆடும், படுக்க வைத்தால் ஆடாது என்று டிரைவருக்கே பாடம் எடுத்தானாம். அதை வாரம் முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அந்த டிவிக்கு நான் ஒரு சட்டை தைத்தேன். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கம்பெனியில் கழித்துப்போடும் தோலில் சைக்கிள் சீட்டிலிருந்து வேதாகமம் வரைக்கும் உறை போட்டுவிடுவோம். மேனேஜரிடம் கேட்டு, பழுப்பு நிறத்தில் மிருதுவான துண்டுகளாகப் பொறுக்கி எடுத்தேன். முன்பக்கத்தில் சுருட்டி மேலே தூக்கிவைக்க ஒரு திரை. டிவி மேல்பக்கம் கைவைத்தால் சுடும் என்பதால், பின்னால் காற்று போகிற இடமெல்லாம் ஷூவில் அடிப்பதுபோல் பொடிப்பொடியாக ஓட்டை அடித்தேன். உறை நழுவாமலிருக்க முதுகைச் சுற்றி ஒரு வார், அதற்கு ஒரு பக்கிள். அந்த வாரை மட்டும் இரண்டு மடங்குத் தோலில், இரட்டைத் தையல் போட்டுத் தைத்தேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் டிவியைப் பார்த்துவிட்டு அடுத்ததாகச் சட்டையைத் தடவிப் பார்த்தார்கள். போதகரம்மா, கடையில் வாங்கினதா என்றே கேட்டுவிட்டார். அண்ணி முகமெல்லாம் பல்லாக, எங்கள் நாத்தனார் தைத்தது என்றாள். எங்கள் நாத்தனார்! அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்து நான் கேட்டதேயில்லை. ஜெபத்திலும் கொஞ்ச நாளுக்கு என் புருஷன் பேச்சு வரவில்லை. அப்பாடா, இனி இங்கேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று நான் முட்டாள்தனமாக நம்பினேன்.

டிவி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை. முதலில் உள்ளே வண்டு புகுந்த மாதிரி ங்ங் என்று ஒரு இரைச்சல் வந்தது. பிறகு ஒரு மூலையில் ஊதா நிறத்தில் திட்டு விழுந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் படக்கென்று அணைந்தது, மறுபடி வரவில்லை. அண்ணன் சுவிட்சைத் தட்டினான், ரிமோட்டைத் தட்டினான், கடைசியில் திரும்பி என்னைப் பார்த்தான்.

சட்டை போட்டு மூச்சுமுட்ட வைத்ததால்தான் டிவி செத்தது என்று அண்ணி தீர்ப்பு எழுதிவிட்டாள். ஓட்டை அடித்திருக்கிறேன், பாருங்கள் என்று காட்டினேன். யார் பார்க்கப்போகிறார்கள்? அண்ணன் குரலை உயர்த்தவேயில்லை.

"நாளைக்கு மெக்கானிக் வர்றாரு. டிவி வந்துச்சுன்னா நீ இரு. வர்லன்னா உன் புருஷன் வீட்டுக்குக் கெளம்பு. உன்னால எனக்கு ஜாஸ்தி பேஜாராப் போச்சு."

கூடப் பிறந்தவளின் உயிரை ஒரு டிவியில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு, அவன் போய் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தான். நான்தான் பரிமாறினேன்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்ததும் மெக்கானிக் பாய் வந்தார். பஜாரில் கடை வைத்திருக்கிற, அதிகம் பேசாத மனிதர். டிவியைச் சுவரோரம் நிற்கவைத்து, நான் தைத்த சட்டையைக் கழற்றி, அதைச் சுருட்டி எறியாமல் நாற்காலியில் போட்டார். பின்மூடியில் ஏகப்பட்ட ஸ்குரு. ஒவ்வொன்றாக அவர் கழற்ற, நாங்கள் மூன்று பேரும் பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர்கள் மாதிரி சுற்றி நின்றோம். ஒரு குண்டு பல்பில் கட்டியிருந்த இரண்டு ஒயரையும் உள்ளே இரண்டு இடத்தில் வைத்தார். பளிச்சென்று எரிந்து அணைந்தது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே கரண்ட் தங்கியிருக்கும், ஆளையே அடித்துவிடும் என்றார். அதற்கெல்லாம் பயப்படுகிற நிலையிலா நான் இருந்தேன்?

பவர் போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர் தலை உப்பிப்போயிருந்தன. அண்ணி உடனே, சூட்டினால்தானே பாய் என்று எடுத்துக்கொடுத்தாள். பழைய டிவியில் இது சகஜம் என்று சொல்லிவிட்டு அவர் சூட்டுக்கோலைக் காயவைத்தார். ஈயம் புகைந்த வாசனை கூடத்தில் சுற்றியது. நான் அடுப்பங்கரைக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். ஆண்டவரே, இந்தப் பாழாய்ப்போன டிவிக்கு உயிர் கொடும் என்று மனசுக்குள் கெஞ்சினேன். எனக்காக அப்படி ஜெபித்ததில்லை.

புது கெப்பாசிட்டர்களை வைத்து பிளக்கைச் சொருகினார். டிக் என்றது. படம் வந்தது.

வந்தேவிட்டது! யாரோ ஒரு பெண் நகைக்கடை விளம்பரத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. டீ போடலாம் என்று உள்ளே ஓடினேன். பால் பொங்குவதற்குள் ங்ங் என்ற அந்த இரைச்சல் மறுபடி கேட்டது. வெளியே வந்து பார்த்தால், அந்தப் பெண்ணின் பாதி முகத்தைக் காணோம். அந்தப் பக்கம் முழுக்கக் கறுத்துக்கொண்டே வந்தது.

பாய் உச்சுக்கொட்டினார். டிவியை அணைத்து, முன்பக்கத்துச் சட்டத்தைக் கழற்றி, டார்ச் அடித்து ஓரமெல்லாம் பார்த்தார். கீழ்மூலையில் விரலை வைத்து நிறுத்தினார். முடி மாதிரி ஒரு விரிசல். உள்ளே அடைத்திருக்கும் வாயு அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது, இனி யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். பிறகு அண்ணனை நிமிர்ந்து பார்த்தார்.

"இத்த எப்டி சார் எடுத்துக்கினு வந்தீங்க? நிக்க வெச்சா, படுக்க வெச்சா?"

அண்ணன் கீழே கிடந்த ஸ்குருக்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே, நான் சொன்னேன். "மல்லாக்கப் படுக்க வெச்சுதான் பாய். கீழ ஒரு கட்டு தோலு, மேல ஒரு கட்டு தோலு. டிரைவருக்கே பாடம் எடுத்தாரு எங்கண்ணன்." சொல்லிவிட்டுச் சிரித்தேன். நன்றாக வாய்விட்டே சிரித்தேன். இன்றைக்குக் கேட்டாலும் சிரிப்பேன்.

பிளாஸ்மாவைப் படுக்கவே வைக்கக்கூடாது, கண்ணாடி தன் கனத்திலேயே வளையும், ரோட்டில் ஒரு குலுக்கல் போதும் என்றார் பாய். போகிறபோது நாற்காலியில் கிடந்த சட்டையைக் காட்டி, இதனால் ஒன்றுமில்லை, காற்றுக்கு அழகாக வழி விட்டிருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பாவம், எனக்கு நல்லது செய்வதாக அவர் நினைத்திருப்பார்.

நான் தப்பித்தேன் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்கு மனிதர்களைத் தெரிந்தது அவ்வளவுதான். தப்பு என்மேல் இருந்திருந்தால், காலில் விழுந்து அழுதிருப்பேன், அண்ணன் பெரிய மனசு பண்ணி மன்னித்திருப்பான், அதைச் சொல்லிக்காட்டியே அண்ணி எனக்கு ஆயுசுக்கும் சோறு போட்டிருப்பாள். தப்பு அவன்மேல் என்று ஆனபிறகு, அதைப் பார்த்துச் சிரித்தவளை வீட்டில் வைத்துக்கொண்டு அவன் எப்படிச் சாப்பிடுவான்?

"பையை எடு," என்றான். "ஜோலார்பேட்டை வண்டிக்கு நேரம் கீது."

"ஒடச்சது நீ. நான் ஏன் போவணும்?"

"டிவி வர்லன்னா போவணும்னேன். வந்துச்சா? பாரு, வாய் எப்டி நீளுதுன்னு. இந்த வாய்க்குத்தான் அவன் அடிக்கிறான்."

அண்ணி எனக்காக உருக்கமாக ஜெபம் செய்தாள். ஜெபம் முடிந்ததும் நாற்காலியில் கிடந்த சட்டையை எடுத்து, செத்த டிவிக்கு இது எதற்கு, நீயே கொண்டுபோ என்று நீட்டினாள். அண்ணன் அதை வாங்கி, மடிப்பு விழாமல் தானே பையில் வைத்தான். ரயிலிலும் அந்தப் பையை நிற்கவைக்காமல் மேல்பலகையில் படுக்கப்போட்டான். வாணியம்பாடி தாண்டும்போது, தோல் நல்ல தோல் என்று சொன்னான். வழியில் அவன் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

புருஷன் வாசலில் நின்று அண்ணனை வாயார வரவேற்றான். காபி வாங்கிவர ஆளனுப்பினான். பையைப் பிரித்துப் பார்த்து, சட்டையைத் தடவி, வாரை இழுத்துப் பார்த்து, நீ தைத்ததா என்று கேட்டான். ஆமாம் என்றேன். அண்ணன் அடுத்த வண்டிக்கே கிளம்பிப்போனான்.

இரண்டு வருஷம் ஆம்பூரிலிருந்து ஒரு போன் இல்லை, ஒரு விசாரிப்பு இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ஒருநாள் அண்ணன் கூப்பிட்டான். எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போகிறான் என்று போனை நல்ல காதில் அழுத்திக்கொண்டேன். புது டிவி வாங்கியிருக்கிறான், அதே அளவு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுகிறவர்களோடு போதகரம்மா அவன் வீட்டுக்கு வருகிறார், அந்தச் சட்டையை வைத்திருக்கிறாயா என்று கேட்டான். வைத்திருக்கிறேன் என்றேன். நானே கொண்டுவருகிறேன் என்றும் சொன்னேன்.

போனேன். கூடத்தில் புது டிவி நின்றது. இந்த முறை கடைக்காரர்களே நிற்கவைத்துக் கொண்டுவந்தார்களாம். சட்டையை நானே மாட்டினேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. அண்ணிக்கு வாயெல்லாம் பல். பின்பக்கம் வந்து வாரைப் பிடித்துப் பார்த்தவள் முகம் சுளித்தாள்.

"தோலெல்லாம் அப்டியே கீது, இந்த வார் மட்டும் இன்னா இப்டி கறுத்துப் போச்சு?"

"அதாலதான் அவரு அடிக்கிறாரு அண்ணி," என்றேன். "ரெட்டத் தையலு. ஒரு நூலு பிரியல, பாருங்க."

அண்ணி வாரைக் கையிலிருந்து விட்டாள். பக்கிள் டிவியின் முதுகில் பட்டு டிங் என்றது. நான் அண்ணனைப் பார்த்தேன். தோலைத் தடவிப் பார்த்தே அதன் குறையெல்லாம் சொல்லிவிடுகிறவன். அவன் அந்த வாரையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனான். என் கேட்கிற காது அந்தப் பக்கம்தான் இருந்தது. புது டிவியில் சத்தம் துல்லியமாக இருந்தது.