மைதானத்துக்கு மாவுக்கட்டு

விருத்தாசலத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு வெள்ளைப் பொடியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் சைக்கிளில் ஒரு சுற்று போய்வந்தாலே சட்டை வெளுத்துவிடுகிற ஊர் இது. பொடி என்றால் பொடி, வெள்ளை என்றால் வெள்ளை. இதில் என்ன பெரிய வித்தியாசம்? இந்த ஞானத்தோடுதான் போன ஜனவரியில், பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு, எங்கள் பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயத்துக்குக் கோடு போட்டேன்.

நான் உடற்கல்வி ஆசிரியர், பிள்ளைகளுக்கு பி.டி. சார். விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி போகிற சாலையில், சிஸ்டர்கள் நடத்தும் சின்னப் பள்ளியில் வேலை. குனிந்தால் என் கால்விரல் என் கண்ணுக்குத் தெரிந்து பல வருடம் ஆகிறது. ஆனாலும் தினமும் காலையில் விசிலை ஊதி, "முட்டி மடங்காமத் தொடு!" என்று பிள்ளைகளை மிரட்டுவதில் ஒரு குறையும் வைப்பதில்லை.

எங்கள் வட்டாரத்துத் தனியார் பள்ளிகள் சேர்ந்து ஒரு விளையாட்டுச் சங்கம் வைத்திருக்கின்றன. வருடத்துக்கு ஒரு தடகளப் போட்டி. அது எப்போதும் டவுனில் இருக்கும் பெரிய பள்ளியில்தான் நடக்கும். நாங்கள் பஸ் ஏறிப் போவோம், வெயிலில் நிற்போம், எலுமிச்சை சாதம் சாப்பிடுவோம், தோற்றுத் திரும்புவோம். "அவங்க கிரவுண்டு, அவங்க ஜெயிக்கிறாங்க" என்று வரும் வழியெல்லாம் பேசிக்கொள்வோம். அந்த வருடம் சங்கக் கூட்டத்தில் எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் எழுந்து நின்றார். "எங்க கிரவுண்டும் தரையிலதான் இருக்குது. ஒரு தடவை வந்து ஓடிப் பாருங்களேன்" என்றார். சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார்கள்.

ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியன்று காலையில் எல்லாப் பள்ளி பி.டி. சார்களும் சங்கத் தலைவரோடு சேர்ந்து தடத்தை ஒரு சுற்று நடந்து பார்ப்பார்கள். ஒரே ஒருவர் "சரியில்லை" என்று சொன்னாலும் போதும், போட்டி மொத்தமும் அப்படியே பஸ் ஏறி டவுன் பள்ளிக்குப் போய்விடும். நடந்து பார்க்கிறவர்களில் டவுன் பள்ளி பி.டி. சாரும் ஒருவர். "சரியில்லை" என்பது அவருக்கு மூச்சு மாதிரி. ஒரு வருடம் என் விசில் சத்தமே சரியில்லை என்று மாற்றச் சொன்னவர். அந்த மனிதருக்கு ஒரு குறைகூடக் கிடைக்கக் கூடாது என்று சபதம் எடுத்தேன். கோடு பார்த்தால் கண் கூச வேண்டும்!

என்னோடு படித்தவன் ஒருவன் பேட்டையில் செராமிக் பொம்மை செய்யும் யூனிட் வைத்திருக்கிறான். கோடு போடப் பொடி வேண்டும் என்றதும், "ஷெட்டுக்கு வெளிய காஞ்ச களிமண் பொடி மூட்டை கெடக்குது, எடுத்துக்கோ" என்றான். போன நேரம் அவன் இல்லை. வெளியே கிடந்த மூட்டையைப் பிரித்தேன்; பழுப்பாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் வேறு மூட்டைகள். அடடா, முகப் பவுடர் மாதிரி வெள்ளை, தொட்டால் வழுக்குகிறது. நல்லதை உள்ளே பதுக்கிவிட்டு மட்டத்தை எனக்குத் தள்ளப் பார்க்கிறானா? பேசாமல் உள்ளே இருந்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம், ஆணி அடித்து, கயிறு கட்டி, ஓட்டை போட்ட பால்பவுடர் டப்பாவில் பொடியை நிரப்பித் தட்டிக்கொண்டே வளைவுகளில் திரும்பினேன். ஒரு தரம் போட்டது போதாதென்று மேலே இன்னொரு தரம். ஆறு பேர் ஓடும் தடம், ஏழு கோடு, ஒவ்வொன்றும் கல்யாணக் கோலம் போல. என் கைவேலையின் அழகை நானே போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

விடியற்காலையில் காலம் தப்பிய தூறல் ஒன்று போட்டுவிட்டு ஓய்ந்தது. கோடு கரைந்திருக்குமே என்று அடித்துப் பிடித்து ஓடினேன். எங்கள் பள்ளியின் நானூறு மீட்டர் பெண் எனக்கு முன்னாலேயே வந்து மைதானத்தில் நின்றிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. கொடி அணிவகுப்புக்கு ஷூ போடுவாள், ஓடும்போது கழற்றிவிடுவாள். "ஷூ போட்டா காலு கனக்குது சார்" என்பாள். எங்கள் பிள்ளைகள் முக்கால்வாசி அப்படித்தான்.

"சார், கோடு ஏன் சார் வீங்கியிருக்குது?"

"கோடு எங்கேயாவது வீங்குமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே உதைத்தேன். டொக் என்றது.

குனிந்து தட்டினேன். கல். வெயிலில் காய்ந்த வடகம் மாதிரி ஒரு விளிம்பு உடைந்து கையோடு வந்தது. உடைந்த இடம் கூராக இருந்தது. அதற்குள் அந்தப் பெண் வெறுங்காலோடு கோட்டைத் தாண்டப் போய், "ஸ்ஸ்" என்று காலைத் தூக்கிக்கொண்டாள். ரத்தம் இல்லை, சிவந்திருந்தது.

நண்பனுக்குப் போன் போட்டேன்.

"டேய், உன் பொடி கல்லாயிடுச்சுடா!"

"எந்தப் பொடிடா?"

"உள்ள இருந்த வெள்ளைப் பொடி..."

அவன் சிரித்த சிரிப்பில் என் காது கிழிந்தது. "மாப்ள, அது அச்சு எடுக்கிற பிளாஸ்டர்டா! கை ஒடிஞ்சா ஆஸ்பத்திரில போடுறாங்களே, மாவுக்கட்டு, அதான். தண்ணி பட்டா இறுகிடும். கிரவுண்டுக்கே மாவுக்கட்டு போட்டுட்டியா நீ?"

"இப்ப இன்னாடா பண்றது?"

"நாப்பது நாள் அசைக்காம வெச்சிரு."

போனை வைத்தேன். மண்வெட்டியை எடுத்து ஒரு ஓரத்தில் கொத்திப் பார்த்தேன். பிளாஸ்டரோடு தரையும் பெயர்ந்து வந்து, கோடு இருந்த இடத்தில் வாய்க்கால் உருவானது. பயந்துபோய் வாய்க்காலை மூடினேன். தூரத்தில் பஸ் ஹாரன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றிய யோசனைகளைச் சொன்னால் என் வேலை போய்விடும். இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, நெஞ்சு வலி வந்ததாகப் படுத்துவிடுவது. இன்னொன்று, சிஸ்டரிடம் இது வெளிநாட்டு டெக்னாலஜி என்று சொல்வது. நெஞ்சு வலி என்றால் ஊசி போடுவார்கள் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

சிஸ்டர் வந்து, கோட்டைச் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்தார். "சார், இது எந்த வெளிநாடு?" என்றார்.

அத்தோடு உண்மையை ஒப்பித்துவிட்டேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. பஸ்களிலிருந்து இறங்கும் பிள்ளைகளைப் பார்த்தபடி, "ஒரு தடவ கேட்டு வாங்கினோம் சார். இன்னிக்குப் போயிடுச்சுன்னா இனிமே எந்தச் சின்ன ஸ்கூலுக்கும் குடுக்க மாட்டாங்க" என்றார் மெதுவாக. அப்போதுதான் என் பதற்றம் எனக்கே கேவலமாகத் தெரிந்தது. நான் என் மானத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். அவர் அடுத்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

தடத்தைப் பார்க்கும் நடை ஆரம்பித்தது. சங்கத் தலைவர் முன்னால், அவருக்குப் பின்னால் பி.டி. சார்கள், கடைசியில் பலி ஆடு மாதிரி நான். டவுன் பி.டி. சார் நாலடி வைத்ததும் நின்றார். கோட்டின் மேல் கேன்வாஸ் ஷூவை வைத்து அழுத்தினார். மொறுக். இன்னொரு மிதி. அப்பளம் நொறுங்குகிற மாதிரி மொறுக், மொறுக். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார் போட்டுக்கிறீங்க?"

"பிளாஸ்டர் சார். தெரியாமப் போட்டுட்டேன். வெறுங்காலு பசங்களுக்குக் குத்தும் சார்."

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்புறம் என்ன, வழக்கப்படி டவுன் கிரவுண்டுக்கே..."

"இருங்க சார்" என்றார் டவுன் பி.டி. சார். "சரியில்லை" வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். "அங்க வெச்சு நாங்க ஜெயிச்சா, 'உங்க கிரவுண்டு, ஜெயிச்சீங்க'ன்னு வருஷா வருஷம் சொல்றாங்க. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இந்தத் தடவ இங்கயே வெச்சு ஜெயிச்சுட்டுப் போறேன்."

"எப்படிங்க? கோடு கல்லா இருக்குதே."

"ஷூ போட்ட காலு எத்தினி வந்துருக்குது பாருங்க. மார்ச் பாஸ்ட்ட கோட்டு மேலயே வுடுங்க. ஸ்கூலுக்கு ஒரு கோடு. மிதிச்சே மாவாக்கிடலாம்."

அன்று நடந்தது மாதிரி ஒரு அணிவகுப்பை நான் எங்கும் பார்த்ததில்லை. பேண்டு முழங்க, எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் வெள்ளைக் கோட்டைத் தவிர வேறெதையும் மிதிக்காமல் வரிசையாக வந்தார்கள். காலை ஓங்கி வைக்கச் சொல்லி பி.டி. சார்கள் பக்கத்திலேயே ஓடினார்கள். பேண்டு சத்தத்தையும் மீறி மொறுமொறு என்று கேட்டது. மேடையில் சிறப்பு விருந்தினர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், சல்யூட் அடித்தபடி நின்றார். வழக்கமாக ஒரு சுற்றோடு முடிந்துவிடும். மைக் என் கையில். சிஸ்டரிடம், "எத்தனை சுத்து சிஸ்டர்?" என்று கிசுகிசுத்தேன். "உடையிற வரைக்கும்" என்றார்.

"அடுத்த சுற்று!" என்று அறிவித்தேன். மறுபடி, "அடுத்த சுற்று!" விருந்தினர் கை வலித்து வலதைக் கீழே இறக்கி இடதைத் தூக்கி, அது தப்பென்று நினைவு வந்து மறுபடி வலதைத் தூக்கினார். ஒருவழியாக முடிந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரொம்பப் பெரிய சங்கம்ங்க. இவ்ளோ நீள கூட்ஸ் வண்டிய நான் ஜங்ஷன்லகூடப் பாத்ததில்ல."

குண்டு எறிதலையும் நீளம் தாண்டுதலையும் முதலில் நடத்தச் சொல்லிவிட்டு, மற்ற பி.டி. சார்கள் எல்லோரும் தென்னந்துடைப்பத்தோடு தடத்தில் இறங்கினார்கள். வயதைக் குறைத்துக் காட்டிப் பிள்ளைகளை இறக்குகிறார்கள் என்று, பிறந்த தேதிச் சான்றிதழுக்காக வருடம் முழுக்க ஒருவரோடொருவர் சண்டை போடுகிறவர்கள். டவுன் பள்ளி வேனில் இருந்து சுண்ணாம்பு மூட்டை வந்தது. என் கையில் டப்பாவைக் கொடுக்கவில்லை. "நீங்க கயித்த மட்டும் புடிங்க சார், பொடியத் தொடாதீங்க" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள்.

கோடு போட்டு முடித்ததும் டவுன் பி.டி. சார் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். "வாங்க, ஒரு சுத்து நடந்து பாப்போம். நம்ம காலு தாங்கினா பசங்க காலு தாங்கும்" என்றார். நானும் கழற்றினேன். இரண்டு நடுத்தர வயது ஆட்கள், பேண்டை மடித்துவிட்டு, ஒவ்வொரு தடத்திலும் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரே ஒரு துண்டு கிடைத்தது. அவர் அதைக் கால்விரலால் எடுத்துத் தூரப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "சரி" என்றார்.

இப்போதும் ஏதாவது ஒன்று கைமீறிப் போனதும் என் மூளை முதலில் தேடுவது படுத்துக்கொள்ள ஒரு இடத்தைத்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் படுப்பதற்கு முன்னால், எனக்குப் பிடிக்காத ஆளிடம் போய் உண்மையைச் சொல்லிப் பார்க்கிறேன். பெரும்பாலும் படுக்கத் தேவைப்படுவதில்லை.

நானூறு மீட்டரில் டவுன் பள்ளிப் பெண் முதலில் வந்தாள். எங்கள் பெண் இரண்டாவது. இரண்டு பேருமே வெறுங்காலில் ஓடினார்கள். யார் காலிலும் ஒரு கீறல்கூட இல்லை.