பாறை ஏறுவது உத்தியோகம்

1991இல் சேரப்பணஞ்சேரி பக்கத்துக் கல்குவாரியில் நான் லோடு எண்ணும் குமாஸ்தா. அங்கே பாறை ஏற ஒரு பெண் வந்தார். முப்பது வயதிருக்கும். பத்து விரல்களில் ஏழில் பிளாஸ்திரி. ஏறுமுன் ஷூவின் அடியைப் பேண்டில் மூன்று முறை துடைப்பார்.

பாறை ஏறுவதுதான் உத்தியோகம் என்றார். ஒரு ஷூ கம்பெனி சம்பளம் கொடுத்தது. முன்பக்கமாக யாரும் ஏறாத எங்கள் பாறையை ஏறி முடித்தால்தான் அடுத்த வருடமும் கொடுக்குமாம்.

"பின்னாடி வழி இருக்கேம்மா," என்றேன்.

"தெரியும் சார். அதுல போய்த்தான் மேல கயிறு கட்டினேன்."

நான்கு நாளில் பத்தொன்பது முறை ஒரே இடத்தில் கை நழுவிக் கயிற்றில் தொங்கினார். எங்கள் மேஸ்திரிக்கு மனசு கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடிந்ததும் கயிற்றில் இறங்கி, அந்த இடத்தில் நாலு விரல் நுழையும்படி உளியால் ஒரு குழி வெட்டினார்.

அந்தப் பெண் அந்த இடம் வரை ஏறினார். குழியைப் பார்த்தார். தொடாமல் இறங்கிவிட்டார்.

"இன்னாமா, கை வெச்சா ஏறிடலாமே. உனக்காகத்தான் வெட்னேன்," என்றார் மேஸ்திரி.

"அதான்ணா. இனிமே இத நான் ஏறுனேன்னு சொல்ல முடியாது."

"யாருக்குமா தெரியப் போவுது? சார் சொல்ல மாட்டாரு."

அந்தப் பெண் திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். மேஸ்திரி கொடுத்த டீயைக் குடித்தார். "வெட்டு சுத்தமா இருக்குண்ணா," என்று பாராட்டினார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் பஸ்ஸில் போய்விட்டார்.

"நான் இன்னா சார் தப்பு பண்ணேன்?" என்று மேஸ்திரி அந்த வாரத்தில் ஆறு முறை கேட்டார். கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவருக்குச் சொல்ல இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை.