சின்னத்தாய்க்குக் கட்டிய வீடு

முருகம்மாள் சின்னம்மா கொட்டாம்பட்டிக்கு வந்து இறங்கியபோது அவருக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லை. இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்டவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இவ்வளவு பேர் உங்களுக்கு, இவ்வளவு பேர் எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டதில் அவரும் அவர் கணவர் நல்லகாமனும் இந்தியாவின் பங்கில் விழுந்தார்கள். ஒரே மகள் சின்னத்தாய்க்கு அதற்குள் கல்யாணமாகிவிட்டது. மாப்பிள்ளையின் குடியுரிமை மனு தீர்மானமாகவில்லை. "நீங்க முன்னாடி போயி வீட்டச் சரிபண்ணுங்க, நாங்க பின்னாடியே வாரோம்" என்று சொல்லித்தான் மகள் கப்பலேற்றி அனுப்பினாளாம். இது எழுபத்து நாலில்.

வீடு என்று இங்கே இருந்தது இரண்டு மண்சுவர்தான். நல்லகாமன் சித்தப்பாவின் தாத்தா, ஆள் சேர்க்க வந்த கங்காணி பின்னால் தோட்டத்துக்குப் போனபோது விட்டுவிட்டுப் போனது. கூரை போய், உள்ளே கருவேலம் முளைத்துக் கிடந்தது. எங்களுக்கு அடுத்த மனை. நான் அப்போது மதுரையில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சின்னம்மா மண் குழைத்துக்கொண்டிருப்பார். சாயங்காலம் வந்தால் சுவர் கொஞ்சம் ஏறியிருக்கும்.

சித்தப்பா கல்குவாரிக்குப் போய்விடுவார். வீடு முழுக்கச் சின்னம்மாவின் யோசனை. கொத்தனார் முத்திருளனுக்கும் அவருக்கும் தினமும் வாக்குவாதம்தான். அறைக்கு அவர் 'காம்பிரா' என்பார். மூன்று காம்பிரா போடச் சொன்னார், பெரியது மகளுக்கு. அந்தக் காம்பிராவுக்குள்ளேயே அடுப்பு வைக்கச் சொன்னபோது முத்திருளன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டார்.

"யக்கா, மார்கழி மாசத்துலயே நாங்க சட்டையக் கழட்டிட்டுத்தான் படுக்கோம். படுக்குற எடத்துல அடுப்பா?"

"அவ அடுப்புச் சூட்டுல படுத்து வளந்த புள்ள. இல்லன்னா தூக்கம் வராது. நீ வையி."

"வச்சுத் தாரேன். வெந்து போனா என்னையக் கேக்கக் கூடாது."

தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் அப்படித்தானாம். வெளியே பனி கொட்டும். உள்ளே அடுப்பைச் சுற்றிப் பாய் விரித்துக் குடும்பமே படுத்துக்கொள்ளும். எங்கள் ஊர் வெயிலைத் தலையில் சுமந்துகொண்டிருந்தபோதும், மகளை நினைத்தால் மட்டும் சின்னம்மாவுக்குக் குளிரடித்தது.

மாடு வளர்த்ததும் அந்த ஊர் வழக்கப்படிதான். எங்கள் மாடுகள் காலையில் அவிழ்த்துவிட்டால் மேய்ந்துவிட்டுத் தாமாக வரும். சின்னம்மா தன் மாட்டைக் கொட்டிலிலேயே கட்டி வைத்து, கண்மாய்க்கரைக்கு நடந்து, புல்லறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து போடுவார். "என்னா அண்ணே, ஒங்க மாடு வீட்டோட மாப்ளயா? ஒக்காந்த எடத்துல சாப்பாடு போகுதே" என்று சித்தப்பாவை டீக்கடையில் சீண்டுவார்கள். "மாப்ளைக்காவது கொம்பு இல்ல" என்பார் சித்தப்பா.

கொல்லையில், மலைக்குளிரில் காய்க்கிற பீன்ஸைப் போட்டார். பனையோலைத் தட்டி கட்டி நிழல் கொடுத்தார். கொடி ஏறியது, பூத்தது, பூவெல்லாம் கொட்டியது. மறுவருஷமும் போட்டார். "கத்தரி போடலாமே சின்னம்மா" என்றேன். "கத்தரியும் போட்ருக்கேன் தம்பி. இது அவளுக்கு" என்றார்.

எழுபத்து ஒன்பது சித்திரையில் சின்னத்தாய் வந்தாள். கைக்குழந்தையோடு, விசா வாங்கிக்கொண்டு, ஒரு மாதத்துக்கு. சின்னம்மா வாசலெல்லாம் மெழுகி, பெரிய காம்பிராவில் அடுப்பு மூட்டிச் சோறாக்கினார். மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சின்னத்தாய் வெளியே ஓடிவந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வேம்புக்கடியில் கட்டியிருந்த ஆட்டை நகர்த்திவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்தாள்.

"யம்மா, இது வீடா, பாண் போறணையா?"

பாண் என்றால் ரொட்டி. போறணை அதைச் சுடும் சூளை. சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்துவிட்டேன். சின்னம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நாளைக்கே முத்திருளனக் கூப்புட்டு இடிச்சுப்புடுறேன். அடுப்ப வெளிய வச்சுக்குவோம். நீ எப்ப குடும்பத்தோட வாரன்னு மட்டும் சொல்லு."

சின்னத்தாய் பிள்ளையின் முகத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"அடுப்புக்காக வரமாட்டோம்னு சொல்லலம்மா. அவருக்கு அங்கயே பிரஜாவுரிமை கெடச்சிருச்சு. எனக்கும்தான். எங்க காம்பிராவ ஒட்டி இன்னொரு காம்பிரா எடுத்துக் கட்டுறோம். மாடு ஒண்ணு வாங்கியிருக்கோம்."

"என்னா மாடு?" என்று கேட்டார் சின்னம்மா.

"செவல மாடும்மா. கன்னு போட்ட ஈத்து மாடு."

அதன் பிறகு மகள் இருந்த நாட்களில் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மகளுக்குச் சின்னம்மா முறுக்குப் பிழிந்தார், பேரனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினார். வைகாசியில் அவர்களை ராமேஸ்வரம் ரயிலேற்ற மதுரைக்குப் போனபோது, சித்தப்பாவுக்குக் குவாரியில் லீவு கிடைக்காததால் நான் துணைக்குப் போனேன். எனக்கு அப்போது மேலூரில் கிளார்க் வேலை கிடைத்திருந்தது. டிக்கெட்டில் எழுதியிருந்ததைப் படித்து, பெட்டியைக் கண்டுபிடித்து, ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தேன்.

வண்டி ஊதியதும் சின்னத்தாய் கம்பிக்குள்ளிருந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யம்மா, விசா எடுத்துக்கிட்டு ஒருக்கா அங்க வந்துட்டுப் போம்மா."

சின்னம்மா தலையை மட்டும் ஆட்டினார். வண்டி போய்விட்டது. பிளாட்பாரம் காலியான பிறகும் அவர் நகரவில்லை.

"பாத்தியா தம்பி. நான் பொறந்த எடத்துக்கு என்னைய விருந்தாளியாக் கூப்புடுறா."

டீ வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

திருச்சி ரோட்டில் பஸ் மேலூரைத் தாண்டியது. வெளியே வயல்கள் வெடித்துக் கிடந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே சின்னம்மா கேட்டார்:

"தம்பி, நீ படிச்சவன். அங்க இப்ப மழை புடிச்சிருக்குமா?"

"புடிச்சிருக்கும் சின்னம்மா. தென்மேற்குக் காத்து மொதல்ல அங்கதான் போகும்."

"அப்ப கொழுந்து பொங்கிக்கிட்டு நிக்கும்" என்றார். "ஆள் பத்தாம தோட்டத்துத் தொரை கெடந்து கத்துவான்."